உங்களுக்குத் தெரியுமா? வெறுங்காலில் ஒரு கோப்பை

வடசென்னையில், அதுவும் 'குட்டி பிரேசில்' என்று பெயரெடுத்த வியாசர்பாடியில், பையன்கள் வெறுங்காலோடு பந்தை உதைப்பதைப் பார்த்து "ஷூ வாங்க வசதியில்லையா?" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் 1911-க்குப் போய்வர வேண்டும்.

அந்த ஆண்டு கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு போட்டி. கால்பந்து அப்போது பட்டாளத்தாரும் கல்லூரி மாணவர்களும் ஆடிய விளையாட்டு. மோகன் பகான் என்ற இந்திய அணி முதல் சுற்றில் சந்தித்ததே ஒரு கல்லூரி அணியைத்தான்: செயின்ட் சேவியர்ஸ். 3-0 என்று அதை வென்றார்கள். அடுத்து ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேட் என்று வரிசையாகச் சாய்ந்தன. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு 1-1. மறு ஆட்டத்தில் 3-0.

ஜூலை 29 இறுதியாட்டம். எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவு, அத்தனை பேரும் பூட்ஸில். மோகன் பகானில் பூட்ஸ் போட்டவர் ஒரே ஒருவர், சுதிர் சாட்டர்ஜி. முதல் கோல் வெள்ளைக்காரர்களுக்கு. ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் அடித்த கோலில் 2-1. அந்த கோஷ், ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர்! ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி இதுதான்.

வெறுங்கால் ஆட்டம் அதோடு முடியவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராக கோல் போட்ட சாரங்கபாணி ராமனின் இந்திய அணியிலும் பெரும்பாலோர் பூட்ஸ் அணியவில்லை. 1952 ஹெல்சிங்கி குளிரில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று அடித்துத் துவைத்த பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

வியாசர்பாடி தனபால் கணேஷ், பூட்ஸ் போட்டுத்தான், 2018-ல் சென்னையின் எஃப்.சி.யோடு ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கினார்.