பெட்ரோலிலே தண்ணீர்!

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதைக் குடும்பத் தலைவிகளுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வாசலில் நிற்கும் காரின் வயிற்றுக்குள்ளும் அதே சங்கதிதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. பெட்ரோலோ ஏறக்குறைய முக்கால் கிலோ. ஆகவே டாங்கியில் புகுந்த தண்ணீர் நேரே அடிக்குப் போய் உட்கார்ந்து கொள்கிறது. பம்ப்பும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. டாங்கியில் 20 லிட்டர் பெட்ரோல் இருந்து என்ன பிரயோஜனம்? இஞ்சினுக்கு முதலில் போய்ச் சேருவது தண்ணீர்தான்!

பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்புகிறீர்கள். சிறிது தூரத்தில் வண்டி திக்கித் திணறுகிறது; மிதித்தால் வேகம் பிடிக்காமல் குலுங்குகிறது; நட்டநடுச் சாலையில் நின்றே விடுகிறது. பின்னால் பஸ்ஸின் ஹாரன் காதைத் துளைக்கிறது. பின் ஸீட்டிலோ குழந்தைகள். அந்தப் பதற்றத்தில் எல்லோரும் செய்வது, சாவியைத் திருகு திருகென்று திருகுவதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொரு திருகலுக்கும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் பம்ப்பிலும் குழாயிலும் இஞ்செக்டரிலும் ஏறுகிறது. டாங்கியைக் கழுவுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகிவிடும். எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். குழந்தைகளை இறக்கி நடைபாதையில் நிறுத்துங்கள். நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புங்கள்.

"இன்னும் ஐந்து லிட்டர் நல்ல பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும்" என்று அருகில் நிற்கும் யாராவது யோசனை சொல்வார். சொல்லட்டும்! ஐந்து லிட்டரும் மேலே நிற்கும். தண்ணீர் அடியிலேயே இருக்கும். டாங்கியை முழுக்க வடித்து, சுத்தம் செய்து, குழாய்களை ஊதி, பில்டரை மாற்றிப் புதுப் பெட்ரோல் ஊற்றுவதுதான் வழி.

பழைய டிரைவர்கள் ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார்கள். டாங்கியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றினால் அது தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொண்டு எரிந்து போகும். சொட்டுத் தண்ணீருக்கு அது பலித்தது. இன்றைய பெட்ரோலில் சாராய வகையைச் சேர்ந்த எதனால் ஏற்கெனவே இருக்கிறது. 20 சதவீத எதனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023-ல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் பெரும்பாலான பங்குகளில் வழக்கமாகிவிட்டது. இந்த எதனால் சிறிதளவு தண்ணீரைக் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால், தண்ணீரோடு கை கோத்துக்கொண்டு அதுவும் அடிக்கு இறங்கிவிடும். மேலே மிஞ்சுவது வீரியம் குறைந்த பெட்ரோல். ஆகையால், "தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளலாமே" என்று சிக்கனம் பார்க்க இடமில்லை. ரசத்துக்குத்தான் அது சரி!

வடித்ததில் கொஞ்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, மெக்கானிக்கையே மூடி வைக்கச் சொல்லுங்கள். சற்றுப் பொறுத்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். பெட்ரோல் வாங்கிய ரசீதையும் அந்தப் பாட்டிலையும் பங்க் மானேஜரிடம் அன்றைக்கே காட்ட வேண்டும். பூமிக்குள் இருக்கும் டாங்கியில் அளவுகோலை விட்டு, அதில் தடவிய பசை நிறம் மாறுகிறதா என்று பார்த்தால் தண்ணீர் இருப்பது தெரிந்துவிடும். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களாவது தப்பிப்பார்கள் அல்லவா? ஆனால் அந்தப் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுப்பையோ சுவாமி விளக்கையோ எட்டிவிட்டால் விபரீதம்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி மூழ்கிய வண்டியின் சாவியைத் தொடவே கூடாது. இஞ்சினுக்குள்ளேயே தண்ணீர் புகுந்திருந்தால், அதை அழுத்திச் சுருக்க முடியாமல் உள்ளிருக்கும் இரும்புத் தண்டே வளைந்து போகும்.

மழைக்காலம் வருமுன் ஒரு சின்ன வேலை. பெட்ரோல் மூடியைத் திறந்து அதிலுள்ள ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடித்திருந்தால் மூடியை மாற்றிவிடுங்கள். பங்கில் லாரியிலிருந்து பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்தால், அடியில் கிடப்பதெல்லாம் கலங்கியிருக்கும். அப்போது உங்கள் காருக்கு வேறு பங்க் பார்ப்பது நல்லது.