நடக்கிற காலுக்கு ஏற்ற சப்பாத்து

எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ராயேல் மக்கள் 40 ஆண்டுகள் பாலைநிலத்தில் அலைந்தார்கள். அந்நாட்களில் இறைவன் அவர்களுக்குச் செய்த நன்மைகளை நினைவூட்டும் மோசே, மன்னாவைச் சொல்கிறார். அத்தோடு அவர்களுடைய கால்கள் வீங்கவில்லை என்பதையும் சொல்கிறார். இணைச்சட்ட நூலின் 8ஆம் அதிகாரத்தில் இதனைக் காணலாம். குருமடத்தில் இதைப் படித்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடும் காணியும் இழந்த குடும்பங்களோடு பழகிய பின்னரே, அந்நிலையில் ஒருவருக்குக் கால் எத்தகைய சொத்து என்பது விளங்கியது.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளிலும் மண் சரிந்தது. மரக்கறித் தோட்டத்திலும் தேயிலை மலையிலும் நாள் முழுவதும் ஏறி இறங்கிய பலர் அதன்பின் ஒரு கூரையின்கீழ் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. உட்கார்ந்திருந்தால் சீனி வருத்தமும் இரத்த அழுத்தமும் கூடும். கிளினிக்கில் நடக்கச் சொல்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடங்களாவது சற்று வேகமாக நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் சிரித்தார். “சாமி, நாங்க நடக்காத நடையா?” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரை வெறுங்காலோடு நடந்தே கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். ஆனால் மண்ணில் நடப்பது வேறு, தார் வீதியிலும் கொங்கிறீற்றுப் படியிலும் நடப்பது வேறு. வெறுங்கால் நடைக்கும் விலை இருந்தது. உள்ளங்காலின் தோலைத் துளைத்து ஏறும் கொக்கிப்புழு தோட்டங்களில் எத்தனையோ பேரின் இரத்தத்தை உறிஞ்சியது.

எனது தவறொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் மண்சரிவினால் இடம்பெயர்ந்தோருக்கு நாங்கள் சப்பாத்து வழங்கினோம். பெயருக்கு எதிரே இலக்கம் எழுதிப் பட்டியல் தயாரித்தவன் நானே. எவருடைய காலையும் அளக்கவில்லை. சீனி வருத்தமுள்ள ஒரு விவசாயி, தரும சப்பாத்துக்குக் குறை சொல்லக் கூடாதென்று பேசாமல் போட்டுக்கொண்டார். சுண்டுவிரலோரம் தோல் உரிந்தது. கால் மரத்திருந்தபடியால் அவருக்கு வலி தெரியவில்லை. புண் பழுத்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மாற்றுக் காணி கிடைத்தபோது, சரிவில் நின்று மண்வெட்டி பிடிக்க அவரால் முடியவில்லை. கொடுப்பவரிடமும் “இது எனக்குக் கடிக்கிறது” என்று சொல்லுங்கள். அது நன்றிகெட்ட பேச்சு அல்ல.

இனி, வாங்கும் முறைக்கு வருவோம். கடைக்குப் பின்னேரத்தில் போங்கள். காலையிலிருந்ததைவிடக் கால் அப்போது சற்றுப் பருத்திருக்கும். போகுமுன் வீட்டில் ஒரு கடதாசியில் எழுந்து நின்று இரு பாதங்களையும் வரைந்து வெட்டி எடுங்கள். பெரும்பாலானோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடப் பெரிது. பெரிய பாதத்துக்கே வாங்க வேண்டும். வெட்டிய கடதாசி சப்பாத்துக்குள் மடங்காமல் கிடக்கிறதா பாருங்கள். வெறுங்காலில் வேலை செய்தவரின் பாதம் விரல்பக்கம் அகன்றிருக்கும். நகரத்துச் சப்பாத்துகளோ பெரும்பாலும் ஒடுங்கியவை. “போடப்போட இளகும்” என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். இளகுமுன் உங்கள் தோல்தான் உரியும்.

மேசு போட்டு, நாடா கட்டி, எழுந்து நில்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கண்டிப் பக்கத்தில் இது மிக அவசியம். இறக்கத்தில் பாதம் முன்னே வழுக்கி, நகம் சப்பாத்தின் நுனியில் இடிக்கும். ஹந்தானைச் சரிவில் இறங்கி நானே ஒரு நகத்தை இழந்திருக்கிறேன். குதிகாலைச் சுற்றிய பகுதியைப் பெருவிரலால் அழுத்துங்கள்; அது சப்பென்று மடியக் கூடாது. சப்பாத்தை வளைத்தால் விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் அல்ல. ஈரத்துணியைப் பிழிவதுபோல எளிதாக முறுக்க முடிந்தால் அது காலைத் தாங்காது. அடிப்பாகத்து இறப்பரில் ஆழமான வெட்டுகள் இருக்கட்டும்; பாசி பிடித்த படியில் அவைதான் காப்பாற்றும்.

பழைய சப்பாத்து வாங்குவோர், வெளிநாட்டுப் பெயரைப் பாராமல் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். குதிப்பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தால் உங்கள் காலும் அந்தப் பக்கம் சாயும். நெடுநாள் பெட்டியில் கிடந்தது புதிதாகத் தோன்றினாலும், நமது ஈரக் காற்றில் உள்ளே இருக்கும் மெத்தை உக்கியிருக்கலாம். அழுத்தினால் வெடித்தோ பொடிந்தோ விடும். விலை கூடியதெல்லாம் நல்லது என்பதும் இல்லை. 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக் மரதனை எதியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்றார். 1964இல் தோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடி மீண்டும் வென்றார்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இது வயலுக்குரிய பாதணி அல்ல. சேற்றில் நனைந்தால் புண் வரும். எலிக்காய்ச்சல் கிருமிக்கு அந்தப் புண்ணே வாசல். சேற்றுக்கு இறப்பர் பூட்ஸ் போடுங்கள். மழையில் நனைந்த சப்பாத்தை அடுப்பருகே வைத்தால் ஒட்டு விடும். உள்மெத்தையைக் கழற்றி, பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து, நிழலில் காயவிடுங்கள். போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். கல்லோ பூச்சியோ இருக்கலாம்.

புதுச் சப்பாத்தோடு முதல்நாளே கண்டி வாவியைச் சுற்றிவரப் புறப்படாதீர்கள். அந்தச் சுற்று 3 கிலோமீற்றருக்கு மேல். முதலில் வீட்டருகே அரைமணி நேரம் நடந்து, கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சீனி வருத்தமுள்ளவர்கள் உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி பிடித்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். எங்காவது சிவந்திருந்து, சற்று நேரத்தில் அது மறையாவிட்டால், பற்றுச்சீட்டோடு அடுத்த நாளே கடைக்குத் திரும்புங்கள்.