இரைச்சல் என்கிறார்கள்!

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் கால்நடைச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா, தோழர்களே? ஆடு கத்தும், மாடு கத்தும், தரகர் கத்துவார், லாரிக்காரர் ஆரன் அடிப்பார். அதை யாரும் இரைச்சல் என்று ஏசுவதில்லை. வியாபாரம் என்கிறார்கள். மாநாட்டுப் பந்தலில் பத்து ஒலிபெருக்கிகள் ஒரே நேரத்தில் அலறினால் எழுச்சி என்கிறோம், நாமேதான் சொல்கிறோம். ஆனால் பீடி சுற்றும் தாயின் பிள்ளை ஒருவன், விரிசல் விழுந்த டேப்லட் ஒன்றை வைத்துக்கொண்டு, தன் வீட்டு மூலையில் தானே பாடி, தானே பதிந்து, நாலு பேருக்கு அனுப்பினால் மட்டும், "ஐயோ, இரைச்சல்!" என்று காதைப் பொத்திக்கொள்கிறோம். ஏன் இந்த ஓரவஞ்சனை?

அந்தப் பிள்ளையை நாம் பார்த்தோம். பெயர் வேண்டாம், அவனே வேண்டாம் என்றான். பகலில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. தகப்பனார் ஒரு காலத்தில் குழித்தறியில் உட்கார்ந்தவர். தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்ட ஊர் அது. இன்று அந்தச் சத்தம் ஓய்ந்து வருகிறது. இரவு பதினொரு மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, கதவிடுக்கில் தலையணையைத் திணித்துவிட்டுப் பையன் பதிவு செய்யத் தொடங்குகிறான். ஒரு நண்பனிடம் இரவல் வாங்கிய கிதார். தாளத்துக்கு என்ன செய்தான் தெரியுமா? உம்மா பீடி இலை வெட்டும் கத்தரியின் சத்தத்தை எடுத்துக்கொண்டான். நறுக், நறுக், நறுக் என்று அது ஓடுகிறது. அதன்மேல் சுளகைத் தட்டும் சத்தம். அதற்கும் மேல், கிழிந்த துணிபோலக் கிதார். பாட்டு எதைப் பற்றி? கட்டுக்கட்டாகக் கொண்டுபோன பீடியில் "இது சரியில்லை, அது சரியில்லை" என்று கழித்துவிட்டுக் கூலியைக் குறைப்பதைப் பற்றி!

நம்மோடு வந்திருந்த மூத்த தோழர் ஒருவர் கேட்டுவிட்டு, "ஏலே, தறிக்குழியிலே பூனை விழுந்தாப்ல இருக்கே, இதுவா பாட்டு?" என்றார். பையன் சிரித்தான். "அப்படி இருக்கணும்னுதான் சாச்சா வச்சேன்" என்றான்.

அந்தப் பதிலில் ஒரு சரித்திரமே இருக்கிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

1976-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்னும் பஞ்சாலை நகரம். நம் ஊர்ப் பருத்தி நெசவை நசுக்கிய ஆலைகள் எழுந்த அதே மான்செஸ்டர்தான். காலம் மாறி அங்கும் ஆலைகள் மூடிக்கொண்டிருந்தன. பஸ்காக்ஸ் என்ற இளைஞர் குழுவுக்கு எந்த இசைத்தட்டுக் கம்பெனியின் கதவும் வேண்டியிருக்கவில்லை. உற்றார் உறவினரிடம் ஏறத்தாழ 500 பவுன் கடன் வாங்கினார்கள். டிசம்பர் 28-ஆம் நாள் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். 1977 ஜனவரியில் சொந்தமாகவே ஆயிரம் தட்டுகளை வெளியிட்டார்கள். அந்த ஆயிரம் பின்னர் பதினாறாயிரம் ஆயிற்று. கம்பெனி முதலாளியின் கையெழுத்து இல்லாமலே பாட்டு வெளிவரும் என்பது அன்று பலருக்குப் புரிந்தது.

அதன் பின்னால் வந்த இசையைத்தான் 'போஸ்ட் பங்க்' என்கிறார்கள். பங்க் என்ற முரட்டு இசைக்குப் பிறகு வந்தது என்று பொருள். இனிமை அதன் குறிக்கோள் அல்ல. கரகரப்பு, இடிப்பு, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பது, பாடுவதைவிடப் பேசுவதுபோல் சொல்வது; இவைதாம் அதன் இலக்கணம். 1978-இல் ஸ்கிரிட்டி பொலிட்டி என்னும் குழு தன் முதல் தட்டின் உறையில், பதிவுக்கு எவ்வளவு, தட்டு அச்சடிக்க எவ்வளவு, மேலே ஒட்டும் சீட்டுக்கு எவ்வளவு என்று வரவு செலவுக் கணக்கையே அச்சிட்டுவிட்டது. நம் கிளைச் செயலாளர்கள் சிலர் இதைக் கவனிப்பது நல்லது.

பொழுதுபோகாதவர்களின் கூத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1978 ஏப்ரல் 30-ஆம் நாள் இலண்டனில், நிறவெறிக்கு எதிராக டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை எண்பதினாயிரம் பேருக்கு மேல் நடந்தார்கள் என்பர். நடையின் முடிவில் இருந்தது இந்த இரைச்சல் கச்சேரிதான். நான்கே நாள் கழித்து, மே 4-ஆம் நாள், அதே கிழக்கு இலண்டனில் அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளி நிறவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். தொழிலாளி கொல்லப்படும் தெருவில் வீணை வாசிக்கவில்லையே என்று இளைஞர்களைக் கோபிக்க முடியுமா?

அந்த இலண்டனில்தான் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். மாதங்கி அருள்பிரகாசம். உலகம் 'எம்.ஐ.ஏ.' என்று அறிந்த பெயர். 1975-இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரின் கொடுமையில் அலைந்து, சென்னையிலும் சிலகாலம் இருந்து, 1986-இல் தாயோடு அகதியாக மீண்டும் இலண்டன் வந்தவர். தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். மகளுக்குச் சங்கீதப் பயிற்சி கிடையாது. எலாஸ்டிகா என்ற குழுவைச் சேர்ந்த தோழி ஒருத்தியிடம் ரோலண்ட் 505 என்ற தாளப்பெட்டியை இரவல் வாங்கி, வீட்டிலேயே தட்டித் தட்டிப் பாட்டுகளைச் செய்தார். 2003-இல் அவருடைய முதல் தட்டு வந்தது. எத்தனை பிரதிகள்? ஐந்நூறு! 2004-இல் ஒரு தொகுப்பை விற்காமல் கைமாற்றாகப் பரப்பினார். 2005-இல் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே தலைப்பாக வைத்து முதல் ஆல்பம். 2007-இல் தாயின் பெயரால் 'கலா'. அந்தக் 'கலா'வில் உறுமி முழங்குகிறது, தோழர்களே! நம் கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் உறுமுகிற அதே உறுமி, சென்னையில் பதிவாகி உலகம் சுற்றியது. அவருடைய பிற்காலப் பேச்சுகளையெல்லாம் நாம் ஏற்றுக்கொள்கிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம். இரவல் பெட்டியில் தொடங்கினார் என்பதே நமக்கு வேண்டியது.

இனிக் கருவிக்கு வருவோம். 1979-இல் டாஸ்காம் கம்பெனி சாதாரண கேசட்டிலே நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் பெட்டியைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் தம் 'நெப்ராஸ்கா' ஆல்பத்தை வீட்டில் அந்தப் பெட்டியில்தான் பதிந்தார். 2010-இல் கொரில்லாஸ் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே ஐபாடில் ஓர் ஆல்பத்தைச் செய்து, கிறிஸ்துமஸ் நாளில் தன் இரசிகர் மன்றத்தாருக்கு இலவசமாகக் கொடுத்தது. 2011-இல் 'கராஜ்பேண்ட்' என்ற செயலி ஐபாடுக்கு வந்தபோது விலை 5 டாலருக்கும் குறைவு. இன்று சிங்கப்பூரிலிருந்து வரும் 'பேண்ட்லேப்' விலையில்லாமலே கிடைக்கிறது. மேலப்பாளையத்துப் பையன் வைத்திருப்பது அதைத்தான்.

செய்முறை கடினமல்ல. முதலில் தாளத்தை ஒரு தடத்தில் பதிவது; அதைக் காதில் கேட்டபடியே அடுத்த தடத்தில் கிதார்; பிறகு குரல். ஆனால் இரண்டு தொல்லைகள் உண்டென்று பையன் விளக்கினான். டேப்லட்டின் மைக் பேசுவதற்காகச் செய்தது. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் தேவையற்ற சத்தம் என்று அதற்குள் இருக்கும் மூளை தீர்மானித்து அமுக்கிவிடுகிறது. கத்தரிச் சத்தத்தை அது விழுங்கிக்கொண்டே இருந்ததாம். அந்த வசதியை அணைத்த பிறகுதான் தாளம் முழுதாய்ப் பதிந்ததாம். அடுத்தது, பாடிய குரல் காதுக்குத் திரும்பி வருவதற்குள் ஒரு கண நேரம் தாமதம். மலிவான கருவியில் அது கூடுதல். ப்ளூடூத் காதணியில் இன்னும் மோசம். எனவே கம்பி போட்ட இயர்போன்தான் என்கிறான். கிதாரின் கரகரப்பு எப்படி வந்தது என்று கேட்டோம். ஒலியை அளவுக்கு மீறிப் பெருக்கினால் அலையின் தலை அறுபடும். அறுபட்ட அலை கரகரக்கும். பழைய ஒலிபெருக்கியில் நம் பேச்சாளர்கள் ஆவேசப்படும்போது கேட்குமே, அதே சங்கதிதான்!

இதையெல்லாம் கேட்டபின், மூத்த தோழர் நாகூர் ஹனிபாவை நினைவூட்டினார். அந்தக் கம்பீரக் குரல் தட்டாகவும் கேசட்டாகவும் மேடைமேடையாக, டீக்கடை டீக்கடையாகப் போன நாட்களை எடுத்துச் சொன்னார். உண்மை. சினிமாவை மட்டும் நம்பியா அந்தக் குரல் ஊர் ஊராகப் போயிற்று? இசையே ஆகாது என்போரும் உண்டு. அது அவரவர் நம்பிக்கை, அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் ஹனிபாவைக் கேட்ட காது கத்தரித் தாளத்தைக் கேட்காது என்று நாம் நம்பவில்லை.

சரி, பாடியாயிற்று. எப்படிப் பரப்புவது? இங்கேதான் முதலாளித்துவம் பல்லைக் காட்டுகிறது. 2024 முதல் ஸ்பாடிஃபை கம்பெனி, ஓராண்டில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுப் பங்கு ஒரு காசும் தருவதில்லை என்று விதி வைத்துவிட்டது. 999 பேர் கேட்டாலும் பூஜ்யம்! பேண்ட்கேம்ப் என்ற இடம் பரவாயில்லை. விற்ற விலையில் நூற்றுக்குப் பதினைந்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பாடியவனுக்குத் தருகிறது. அங்கும் கதை உண்டு. 2023-இல் அதன் ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். அதே ஆண்டில் கம்பெனி கைமாறியது. பாதிப் பேருக்கு வேலை போயிற்று. எங்கும் ஒரே பாட்டுத்தான்.

பையனுக்கு வந்த ஆபத்து இதைவிட நெருக்கமானது. அவன் பாட்டைக் கேட்ட ஒரு வெளியூர் நிறுவனம் சில ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, ஒரு படிவத்தை அனுப்பியிருக்கிறது. எல்லா உரிமையும், எல்லா நாட்டுக்கும், என்றென்றைக்கும்! வீட்டுக் கூரை ஒழுகுகிறது. கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று வாப்பா கேட்கிறார். அவரை யார் குறை சொல்வது?

நாம் சொன்னது இது. எழுதியவனுக்கும் இசை அமைத்தவனுக்கும் உரிமை பிறப்பது பாட்டைச் செய்த கணத்திலேயே. பதிவுச் சான்றிதழ் வாங்கினால்தான் உரிமை என்பதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தாலொழிய உரிமை பிறரிடம் போகாது. காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்தாண்டுதான் செல்லும். நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே செல்லும். வாங்கியவன் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னாலன்றி, அந்த உரிமை அவனிடம் நிற்காது. அதனால்தான் அந்தப் படிவம் 'என்றென்றைக்கும்' என்றும் 'எல்லா நாட்டுக்கும்' என்றும் அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறது! ஆனால் 2012-இல் வந்த திருத்தத்தை அதை எழுதியவர் மறந்துவிட்டார் போலும். பாட்டெழுதியவனும் இசையமைத்தவனும் பெறவேண்டிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வாரிசுக்கோ, உரிமை வசூலிக்கும் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் அதைத் தரமுடியாது.

பையன் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ சாச்சா, நான் என்ன கேட்கணும்?" என்றான். எத்தனை ஆண்டு என்று கேள். ராயல்டி எங்கே என்று கேள். இரண்டே கேள்வி. டீக்கடை மேசையிலேயே உட்கார்ந்து எழுதினான். எழுத்துப் பிழையை மூத்த தோழர் திருத்தினார். கையெழுத்திடாத படிவத்தோடு அதை அனுப்பிவிட்டான்.

இரண்டு வாரமாயிற்று. பதில் வரவில்லை. பாட்டு மட்டும் செல்போனுக்குச் செல்போன் தாவி, பீடிக்கடை வரிசையில் நிற்கும் பெண்களிடம் போய்விட்டது. கழித்துப்போட்ட கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா அதைப் போட்டுக் காட்டினாளாம், கணக்குப்பிள்ளைக்கு எதிரிலேயே, சத்தத்தை முழுதாக வைத்து.