கோதுமைக்குள் நுழையும் ஓசோன்

கங்கைச் சமவெளியில் கோதுமை பால் பிடித்து மணி முற்றுவது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். பனிமூட்டம் விலகி வெயில் ஏறும் பருவம். அந்த வெயில் பயிரோடு சேர்த்து ஓசோனையும் விளைவிக்கிறது.

எந்தப் புகைபோக்கியும் ஓசோனை நேரடியாகக் கக்குவதில்லை. வாகனங்களும் அனல்மின் நிலையங்களும் விடுகிற நைட்ரஜன் ஆக்சைடுகள், பெட்ரோல் ஆவியிலும் விறகுப் புகையிலும் இருக்கும் கரிமச் சேர்மங்களோடு கலந்து வெயிலில் கிடந்தால் ஓசோன் பிறக்கும். இந்த வேதியியலை 1950களின் தொடக்கத்தில் விளக்கியவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் புகைமூட்டத்தை ஆராயப் போனார். 1958இல் கலிபோர்னியாவின் திராட்சை இலைகளில் தோன்றிய புள்ளிகளுக்கும் ஓசோனே காரணம் என்று தெரியவந்தது.

நகரத்துக்குள் வண்டிகள் அப்போதுதான் வெளிவிட்ட நைட்ரிக் ஆக்சைடு ஓசோனின் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது. காற்று கிராமத்தை அடையும்போது அழிக்க அது போதுமான அளவு இருப்பதில்லை. ஆகவே வண்டி நெரிசலே காணாத வயலில் நகரத்தைவிட ஓசோன் மிகுந்திருப்பதுண்டு.

கரியமில வாயுவுக்காகச் செடி இலைத்துளைகளைத் திறக்கும்போது ஓசோனும் கூடவே நுழைகிறது. உள்ளே ஈரத்தில் வினைபுரிந்து, செல்களைச் சிதைக்கும் வேறு ஆக்சிஜன் வடிவங்களாகிறது. பழுதைச் சரிசெய்யவே செடி தன் சத்தைச் செலவிடுகிறது. ஒளிச்சேர்க்கையை நடத்தும் ரூபிஸ்கோ நொதி குறைகிறது, இலை காலத்துக்கு முன்பே மஞ்சளாகிறது. மணிக்குப் போக வேண்டிய மாவுச்சத்து முழுதாய்ப் போய்ச் சேருவதில்லை. மணி சிறுக்கிறது, எடை குறைகிறது. பல நேரம் இலையில் அடையாளமே இராது. பூச்சியோ நோயோ என்றால் விவசாயி கண்டுபிடித்துவிடுவார். இதை எங்கே பார்ப்பார்?

எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்: வறண்ட நிலத்துப் பயிர் துளைகளை மூடிக்கொண்டு ஓரளவு தப்பிக்கிறது. வேளை தவறாமல் தண்ணீர் பாய்ச்சிச் செழிப்பாக வளர்த்த பயிர்தான் துளைகளைத் திறந்துவைத்துக் கூடுதலான ஓசோனை உள்வாங்குகிறது.

மேற்புறம் திறந்த கூண்டுகளில், கரி வடிகட்டியில் சுத்தம் செய்த காற்றில் ஒரு பயிரையும், ஊர்க்காற்றில் இன்னொன்றையும் வளர்த்துக் காசி இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஒப்பிட்டு வருகிறார்கள். கோதுமையும் சோயாவும் எளிதில் பாதிக்கப்படுகின்றன. நெல் கொஞ்சம் தாங்குகிறது. புனேவின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கணக்குப்படி, 2005ஆம் ஆண்டில் மட்டும் இந்தியா ஓசோனால் சுமார் 35 லட்சம் டன் கோதுமையையும் 21 லட்சம் டன் நெல்லையும் இழந்தது. ஏறத்தாழ 9.4 கோடிப் பேரின் உணவு அது.

எத்திலீன்டையூரியா என்ற வேதிப்பொருள் பாதிப்பைக் குறைக்கும். ஆனால் அதை ஆய்வுக்குப் பயன்படுத்துகிறார்களே ஒழிய, வயலுக்கான மருந்தாக அல்ல. தாங்கும் ரகங்களைத் தேடுகிறார்கள், தேடட்டும். எனினும் வண்டியிலும் ஆலையிலும் புகையைக் குறைக்காமல் இது தீராது. ஓசோன் உருவாக உதவும் மீத்தேனையும் குறைத்தாக வேண்டும். அதற்கும் முன்னால், இன்று பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கிற காற்று அளவீட்டு நிலையங்கள் கோதுமை விளையும் ஊர்களுக்கும் வர வேண்டும்.