பிரிவு போயிற்று, தாளம் போகவில்லை

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)



சென்ற சுதந்திர நாளன்று நம் கல்லூரித் திடலில் நடந்த அணிவகுப்பை நீங்கள் கண்டிருப்பீர்கள். பியூகிள் முழங்கிற்று, சைடு டிரம் படபடத்தது, பேஸ் டிரம் அதிர்ந்தது. ஆனால் முந்தைய ஆண்டுகளில் காலை வெயிலில் பளிச்சிட்ட நான்கு இணைத் தாளத்தட்டுகளை அன்று காணோம். அதை உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்களோ, அறியேன். அவற்றுள் ஓர் இணையைத் தாங்கியவை இக்கட்டுரையை எழுதும் கைகளே.

பேண்டுக்காரர்கள் அதனைச் "சிம்பல்" என்பார்கள். மற்றவர்கள் "ஜால்ரா" என்பார்கள். பள்ளியில் மூன்றாண்டு, கல்லூரியில் ஓராண்டு அதனை வாசித்தேன். ஜூலைத் திங்களில் ஒருநாள் அறிவிப்புப் பலகையில் புதிய குழுவின் பட்டியல் தொங்கிற்று. அதில் எங்கள் நால்வர் பெயரும் இல்லை. சிம்பல் என்ற தலைப்பே இல்லை. செய்தி பரவியதும் விடுதி நண்பர்கள், "இனி நம் கல்லூரியில் ஜால்ரா போட ஆளே கிடையாது!" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றிரவு உறங்கவில்லை.

இது என்ன பெரிய துன்பமா என்று நீங்கள் கேட்கலாம். எண்ணிப் பாருங்கள். சரியாக வாசிக்காததால் நீக்கப்பட்டவனுக்கு ஒரு வழி உண்டு. அவன் இன்னும் உழைத்துப் பயின்று அடுத்த ஆண்டு இடம் பிடிக்கலாம். கருவியையே நீக்கிவிட்டால் எவ்வளவு பயின்றாலும் பயன் இல்லை. ஓட்டத்தில் தோற்றவன் நிலை வேறு. ஓட்டப் பாதையையே எடுத்துவிட்டால் ஓடுபவன் நிலை வேறு. இத்தகைய நிலையை எப்படித் தாங்குவது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே விளக்க விழைகிறேன்.

முதலாவது, காரணத்தைக் கேட்க வேண்டும். நான் மூன்று நாள் கோபத்தில் கழித்துவிட்டு, நான்காம் நாள் பேண்டு மாஸ்டரிடம் சென்றேன். "ஐயா, நாங்கள் என்ன தவறு செய்தோம்?" என்றேன். அவர் வியப்போடு பார்த்தார். "தவறா? யார் சொன்னது? நம்மிடம் இருப்பது இருபத்து நான்கு சீருடை. பியூகிளுக்கு ஆள் போதவில்லை. நான்கு சிம்பலும் சேர்ந்து ஒலித்தால் பியூகிள் ஓசை அமுங்கிப் போகிறது. காலடிக்குப் பேஸ் டிரம்மே போதும். அதனால்தான் தம்பி" என்றார். அவர் கூறிய காரணம் முழுவதையும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் அவர் பேச்சில் என் வாசிப்பைப் பற்றி ஒரு குறையும் இல்லை. மூன்று நாளாக என்னை நானே திட்டிக்கொண்டதெல்லாம் வீண் என்று அப்போதுதான் விளங்கிற்று.

இரண்டாவது, இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று அறிய வேண்டும். வரலாற்று மாணவனாகிய நான் ஆறுதல் தேடி நூலகத்திற்குச் சென்றேன். அங்கு கண்டவை சில.

நான் வாசித்த சிம்பலே ஒரு பெரிய நீக்கத்தைக் கண்ட கருவி. ஒட்டோமான் துருக்கியரின் ஜானிசரிப் படைக்கு மெஹ்தர் என்னும் வாத்தியக் குழு இருந்தது. முரசும், சூர்ணா என்ற குழலும், தாளத்தட்டும் அதில் முழங்கின. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் அதனைப் பார்த்துத் தாளத்தட்டைத் தம் பேண்டுகளில் சேர்த்துக்கொண்டன. 1826-ல் சுல்தான் இரண்டாம் மஹ்மூது ஜானிசரிப் படையைக் கலைத்தார்; மெஹ்தரும் உடன் போயிற்று. 1828-ல் மேனாட்டு முறைப் பேண்டு அமைக்க இத்தாலியிலிருந்து ஜுசெப்பே டோனிசெட்டி வரவழைக்கப்பட்டார். பிறந்த வீட்டின் பழைய குழு கலைந்தது. ஆனால் தாளத்தட்டு உலகெங்கும் ஒலித்தது. மெஹ்தரும் இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் உயிர் பெற்றது.

பிரெஞ்சுப் படையிலும் இது நடந்தது. 1845-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பாரிஸ் நகரின் ஷான் த மார்ஸ் திடலில் இரண்டு பேண்டுகள் மக்கள் முன் போட்டியிட்டன. ஒன்று பழைய அமைப்பு. மற்றொன்று அடால்ப் சாக்ஸ் புதிதாக உருவாக்கிய பித்தளைக் குழல்களைக் கொண்டது. திறந்த வெளியில் சாக்ஸின் குழல்களே ஓங்கி ஒலித்தன. அதன் பின் வந்த சீர்திருத்தத்தில் காலாட்படைப் பேண்டுகளிலிருந்து ஓபோ, பஸூன் ஆகிய கருவிகள் இடம் இழந்தன. அவற்றை வாசித்தவர்கள் திறமையற்றவர்களா? இல்லை. திடலுக்கு அவ்வோசை போதவில்லை, அவ்வளவே. இன்றும் மேனாட்டு இசையரங்குகளில் முழு வாத்தியக் குழு சுருதி கூட்டும்போது முதல் சுரத்தைத் தருவது அதே ஓபோதான்! திடலில் தோற்ற கருவி அரங்கில் அனைவருக்கும் அளவுகோலாக நிற்கிறது.

அமெரிக்காவில் டிரம் கோர் என்னும் அணிவகுப்புக் குழுக்கள் தேசிய அளவில் போட்டியிட்டு வருகின்றன. உறுப்பினர் எண்ணிக்கைக்கு அங்கே உச்ச வரம்பு உண்டு. சிம்பல் வாசிப்பவர் ஒருவரைக் குறைத்தால் குழல் ஊதுபவர் ஒருவரைச் சேர்க்கலாம் என்று கணக்கிட்டுப் பல குழுக்கள் சிம்பல் பிரிவை விட்டுவிட்டன. எங்கள் இருபத்து நான்கு சீருடையின் கணக்கும் இதுவேயன்றோ!

நம் நாட்டிலும் சான்று உண்டு. மேனாட்டுப் பேண்டு வழியாகத் தமிழகத்திற்கு வந்த கிளாரினெட், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரியில் முகவீணையின் இடத்தைப் பிடித்தது. பின்னர்ச் சதிர் பரதநாட்டியமாக மேடையேறிய காலத்தில் கிளாரினெட் மெல்லப் பின்வாங்கிப் புல்லாங்குழல் முன்வந்தது. அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. ஏ.கே.சி. நடராஜன் அவர்கள் அதனை நாதசுர பாணியில் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்தி, 2008-ல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார்.

மூன்றாவது, கருவி வேறு, கற்ற வித்தை வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சிம்பலைத் தட்டுவது எளிது என்று நினைப்பார்கள். இரு தட்டுகளையும் நேருக்கு நேர் மோதினால் நடுவே காற்று அடைபட்டு "டப்" என்று செத்த ஓசைதான் வரும். சற்றே சாய்த்து, விளிம்பு முன்பின்னாகப் படும்படி மோத வேண்டும். ஒலித்ததும் மார்போடு அணைத்து ஓசையை நிறுத்த வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பதினைந்து எண்ணிக்கை சும்மா இருந்து பதினாறாவதில் பிழையின்றி விழ வேண்டும். ஆக, நான் நான்கு ஆண்டு கற்றது தட்டுவதை மட்டுமன்று, எண்ணிக்கொண்டே காத்திருப்பதை. தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாலும் இதனை என்னிடமிருந்து யாரும் வாங்க முடியாது.

இந்த நம்பிக்கையோடு பேஸ் டிரம் கற்கச் சென்றேன். கற்பித்தவர் என்னினும் இளையவர், முதலாண்டு மாணவர். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பேஸ் டிரம்முக்குக் காத்திருப்பு இல்லை. இடக்கால் தரையில் படும்போதெல்லாம் அடி விழ வேண்டும். பழைய பழக்கத்தில் நான் இடையிடையே நிறுத்திவிடுவேன், அணி தடுமாறும். ஐந்து மாதம் இப்படிச் சென்றது. குடியரசு நாளன்று கொடிமரத்தருகே அணி இடப்புறம் திரும்பியபோது சைடு டிரம்கள் வேகம் பிடித்தன. அப்போது என் பழைய எண்ணிக்கைதான் கைகொடுத்தது. நான் வேகம் கூட்டவில்லை. ஆறு அடிக்குள் அவர்கள் என் தாளத்திற்கு வந்து சேர்ந்தார்கள். ஆயினும் இசை முடியும் இடத்தில், சிம்பல் விழ வேண்டிய அந்த ஒரு கணத்தில், ஒரு வெறுமை தெரிந்தது. அது இன்னும் தெரிகிறது. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

நான்காவதைக் கூறும்போது தலை குனிகிறேன். நால்வரில் ஒருவர் பியூகிளுக்குச் சென்றார். ஒருவர் கபடி அணியில் சேர்ந்தார். நான்காமவர் நான் பழக்கிவிட்ட தம்பி; அதன்பின் திடல் பக்கமே வரவில்லை. என் துயரத்தை ஆற்றுவதிலேயே கருத்தாக இருந்த நான், அவரைத் தேடிச் செல்ல இரண்டு மாதம் ஆயிற்று. "அண்ணே, நான் சரியாக வாசிக்காததால்தானே உங்கள் எல்லாரையும் எடுத்துவிட்டார்கள்?" என்பதே அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி. நான் நான்காம் நாளே பெற்ற விடை, அவருக்கு இரண்டு மாதம் கிடைக்காமற் போயிற்று! அன்றே அனைத்தையும் விளக்கினேன். மார்கழியில் தம் ஊர்ப் பஜனைக் குழுவில் தாளம் போட்டதாகப் பின்னர் மகிழ்ச்சியோடு கூறினார். ஆறுதல் தேடுபவன் தன்னோடு நீக்கப்பட்டவரை முதலில் தேட வேண்டும்.

வள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். இடுக்கண் பெரிதாயினும் சிறிதாயினும் மனம் அழிவது ஒன்றுபோலத்தான் என்று அவர் அறிந்திருப்பார் போலும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். பேண்டாயினும், விளையாட்டாயினும், நாடகமாயினும், ஒரு பிரிவை நீக்க நேரும் காலம் வரும். நீக்குங்கள், அது உங்கள் பொறுப்பு. ஆனால் பட்டியல் பலகையில் ஏறுமுன், அப்பிரிவினரை ஐந்து நிமிடம் அழைத்துக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அந்த ஐந்து நிமிடம் ஒரு மாணவனுக்கு இரண்டு மாத உறக்கத்தைத் தரும்.

நான்கு இணைத் தட்டுகளும் இப்போது வாத்திய அறையின் மேலடுக்கில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை, அந்தத் தம்பியும் நானும் அவற்றைப் புளியிட்டுத் துலக்கித் துடைத்து வைக்கிறோம். நாளை எந்த மாணவர் கை நீட்டினாலும், அவை பளிச்சென்று இருக்க வேண்டும் அல்லவா?