சிறுவர் பேச்சுச் சிகிச்சை: வழக்கமா, சான்றா?

மூன்றரை வயதுப் பிள்ளையொன்று திடீரெனத் திக்கிப் பேசத் தொடங்குகின்றது. வசம்பைச் சுட்டு நாவிலே தடவும்படி அயலவர் கூறுகின்றார். தகப்பனும் சிறு வயதில் இப்படித்தான், தானே சரியாகிவிடும் என்கின்றார் அப்பம்மா. ஆறு மாதத்தில் திக்கல் மறைந்துவிட்டால் பெருமை வசம்புக்குச் சேர்கின்றது. ஆனால், வசம்பின் வாசனையே அறியாத பிள்ளைகள் பலரிலும் இவ்வயதுத் திக்கல் தானாக மறைவதுண்டு. ஆகவே, ஒரு சிகிச்சை உண்மையில் பயனளித்ததா என்பதை அறிய, ஒத்த நிலையிலுள்ள பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இவ்வளவுகோல் வசம்புக்கு மட்டுமன்றி, சிகிச்சை நிலையங்களில் செய்யப்படுபவற்றுக்கும் பொருந்தும் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உருவான 'லிட்கொம்' முறை இவ்வாறு பரிசோதிக்கப்பட்டது. இங்கு சிகிச்சையை அளிப்பவர் பெற்றாரே. சிகிச்சையாளர் வாரந்தோறும் பெற்றாருக்குப் பயிற்சி அளிப்பார். வீட்டில் நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் பிள்ளையோடு உரையாடி, திக்காது பேசியவுடன் "இப்ப வடிவாகச் சொன்னாய்" எனப் பாராட்டுவதே இதன் அடிப்படை. திக்கலின் அளவை நாள்தோறும் பெற்றார் குறித்தும் வைப்பர். நியூசிலாந்தில் 54 முன்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதங்களின் பின் இம்முறையைப் பெற்றோரில் திக்கல் 77 சதவீதத்தாலும், பெறாதோரில் 43 சதவீதத்தாலும் குறைந்திருந்தது. அந்த 43 சதவீதமே வசம்புக்கு நாம் வழங்கிவரும் புகழின் இரகசியம்.

இம்முறை ஒன்றே வழி என்று கூறுவதும் தவறாகும். நெதர்லாந்தில் 199 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வு, இதனையும் பிள்ளையின் மீதான பேச்சு நெருக்கடியைக் குறைக்கும் வேறொரு முறையையும் ஒப்பிட்டது. பதினெட்டு மாதங்களின் பின் இரண்டும் ஏறக்குறைய ஒரே பயனையே தந்திருந்தன.

சான்று, சில வழக்கங்களைக் கைவிடவும் சொல்கின்றது. எழுத்துகளைச் சரிவர உச்சரிக்காத பிள்ளைக்கு ஊதல் ஊதுதல், மெழுகுவர்த்தி அணைத்தல், நாக்கை மேலும் கீழும் அசைத்தல் ஆகிய பயிற்சிகள் பல இடங்களில் வழங்கப்படுகின்றன. 2015 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, இவை பேச்சைத் திருத்தும் என்பதற்கு வலுவான ஆதாரம் எதனையும் காணவில்லை. ஊதும் நாவின் அசைவு வேறு, பேசும் நாவின் அசைவு வேறு. பேச்சைப் பேச்சினால்தான் பழக்க வேண்டும். 'காய்' என்பதைத் 'தாய்' எனச் சொல்லும் பிள்ளையின் முன் இரு படங்களையும் வைத்து, அது கேட்டபடியே தாயின் படத்தைக் கொடுத்தால், ஒலி மாறப் பொருளும் மாறுவதைப் பிள்ளை உணர்கின்றது. ஓர் அமர்வில் இது பல பத்துத் தடவைகள் நிகழ வேண்டும்.

ஆயினும், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்காகத் தயாரான அளவுகோலை எமது பிள்ளைகள் மீது அப்படியே வைக்க முடியாது. 'வாழைப்பழம்' என்பதை 'வாளைப்பளம்' என்று கூறும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் குறைபாடு எதுவுமில்லை. அது வீட்டில் கேட்ட பேச்சு. வீட்டு வழக்கை அறியாதவர் பரிசோதித்தால் குறையற்ற பிள்ளைக்குச் சிகிச்சையும், குறையுள்ள பிள்ளைக்கு ஆறுதல் வார்த்தையும் கிடைத்துவிடலாம்.

இதனிலும் பாரதூரமானது, பேசப் பிந்தும் பிள்ளையின் பெற்றாரிடம் "வீட்டில் ஒரு மொழியை மட்டும் பேசுங்கள்" என வழங்கப்படும் ஆலோசனை. தமிழை வீட்டு மொழியாகக் கொண்டு சிங்கள அல்லது ஆங்கில மொழிமூலம் கற்கும் பிள்ளைகளைக் கொண்ட தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது புதிதல்ல. கைவிடப்படுவது பெரும்பாலும் தமிழே. இரு மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஒரு மொழியைப் பறிப்பதால் தாமதம் நீங்குவதுமில்லை. உம்மும்மாவோடு பேசும் வழிதான் பிள்ளைக்கு அடைபட்டுப் போகின்றது.

இலங்கையில் பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கான பயிற்சி களனிப் பல்கலைக்கழகத்தில் 1997 இல் ஆரம்பமானது. இன்றும் தமிழில் சிகிச்சையளிக்கக் கூடியோர் தேவைக்கு மிகக் குறைவு. தொலைவிலிருந்து பஸ் ஏறி வந்து, சிறிது நேரம் மட்டுமே சிகிச்சையாளரைக் கண்டு திரும்பும் தாய்க்கு வீட்டில் செய்யவேண்டியது எதுவெனக் கற்பிக்கப்படாவிடின் அந்தப் பயணம் வீணாகும். லிட்கொம் முறையை வீடியோ அழைப்பு மூலம் வழங்கியபோதும் நேரில் வழங்கியதற்கும் பயனில் வேறுபாடு காணப்படவில்லை என 2016 இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று தெரிவித்தது. தூரப் பிரதேச மக்களுக்காக எமது சுகாதாரத் துறையினர் இதனைப் பரீட்சித்துப் பார்ப்பது பொருத்தமானதாகும்.

பெற்றார் சிகிச்சையாளரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பிள்ளையின் செவிப்புலன் பரிசோதிக்கப்பட்டதா? இம்முறை எவ்வயதுப் பிள்ளைகளில் பயனளித்துள்ளது? வீட்டில் நாள்தோறும் நாம் செய்ய வேண்டியது என்ன? முன்னேற்றம் எப்போது, எவ்வாறு அளக்கப்படும்? அளந்தும் முன்னேற்றம் காணப்படாவிடின் அடுத்து மாற்றப்படுவது என்ன?