வாயில்லாச் சீவனின் பாதங்கள்

எங்கள் இல்லத்தில் பத்தாண்டுகள் வாழ்ந்த லில்லி, ஒரு மழைக்காலத்தில் திடீரென மாடிப்படி ஏற மறுத்தது. பஞ்சுப் பொதி போன்ற வெண்ணிற உரோமம் கொண்ட பொமரேனியன் நாய் அது. “பாவம், வயதாகிவிட்டது” என்றனர் பெரியவர்கள். “எல்லாம் சோம்பல்” என்று நகைத்தனர் பிள்ளைகள். பத்து நாட்கள் சென்றபின் கால்நடை மருத்துவர் அதன் முன்னங்காலைப் பற்றி, உரோமத்தை விலக்கிக் காட்டினார். நாங்கள் அனைவரும் தலைகுனிந்தோம். தரையைத் தொடாது காலின் உட்புறத்தில் அமைந்திருக்கும் ஐந்தாம் நகம், வளையம்போல் வளைந்து சதைக்குள் புதைந்திருந்தது. நாள்தோறும் நாங்கள் தடவிக்கொடுத்த நாய்தான் அது. எனினும் ஒருவரேனும் அதன் பாதத்தைப் பார்த்ததில்லை!

பொமரேனியன், லாசா ஆப்சோ, ஷீட்சூ, காக்கர் ஸ்பானியல் போன்ற நீள உரோம நாய்களை வளர்ப்போர் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே: அந்நாய்களின் அழகே அவற்றின் நோவை மறைக்கும் திரையாகிறது.

நாயின் பாதத்தடியில் மெத்தை போன்ற தடித்த தோல் பகுதிகள் உள்ளன. நடக்கையில் வழுக்காமல் தரையைப் பற்றிக்கொள்பவை அவையே. நாய்க்கு வியர்வை சுரப்பதும் பெரும்பாலும் அங்கேதான். நீள உரோம நாய்களுக்கு இம்மெத்தைகளின் இடையிலும் உரோமம் வளர்கிறது. கத்தரிக்காமல் விட்டால் அது மெத்தைகளை மூடிவிடும். பிறகு மொசைக் தரையிலும் பளிங்குத் தரையிலும் நாய் சறுக்கி விழும். முதிய நாய்க்கு அவ்வாறு சறுக்குவதே மூட்டு நோவுக்குக் காரணமாகலாம். அவ்வுரோமத்தில் சேறு ஒட்டிச் சடையாகிறது. நெருஞ்சி முள்ளும் நாயுருவி விதையும் சிக்கிக்கொள்கின்றன. ஈரம் தங்கிப் பூஞ்சை வளர்கிறது. நாய் ஓயாது பாதத்தை நக்கினாலும், வெண்ணிற உரோமம் செம்பழுப்பாக மாறினாலும், புளித்த வாடை வீசினாலும் அங்கே ஏதோ கோளாறு உண்டென அறிக.

இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோல், ஒரு சீப்பு, நாய்க்கான நகவெட்டி, ஒரு சாமணம், உலர்ந்த துண்டு ஆகியவை போதும். உலாவி வந்து களைத்துப் படுத்திருக்கும் வேளையே உகந்தது. முதல் சில நாட்கள் கருவி எதுவுமின்றிப் பாதத்தைத் தொட்டுப் பழக்குங்கள். ஒருவர் நாயைத் தழுவிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வேலையைச் செய்வது நலம். நோவுள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கக்கூடும். ஆதலால் இப்பணியைச் சிறு பிள்ளைகளிடம் ஒப்படைத்தலாகாது.

முதலில் விரல்களை மெல்ல விரித்து, முள், புண், உண்ணி ஏதேனும் உண்டா என்று பாருங்கள். பின்பு உரோமத்தைச் சீவி, மெத்தையின் மட்டத்திற்கு மேல் நீண்டிருப்பதை மட்டும் கத்தரியுங்கள். இடுக்கின் உள்ளே கத்தரிக்கோலை நுழைத்துத் தோண்ட வேண்டாம். அங்குள்ள தோல் மிக மெல்லியது. இறுகிய சடையை விரலால் சிறிது சிறிதாகப் பிரியுங்கள். பிரியாவிடில் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

நகத்தின் உள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெண்ணிற நகத்தில் அவை இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கருநிற நகமாயின் நுனியை மெல்லிய சீவல்களாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவே கரும்புள்ளி ஒன்று தோன்றினால் அதற்குமேல் செல்லாதீர்கள். தவறி இரத்தம் வந்தால் பதற வேண்டாம். சோளமாவைத் தொட்டு வைத்துச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஐந்தாம் நகத்தை மறவாதீர்கள். தரையில் உராய்ந்து தேய அதற்கு வாய்ப்பே இல்லை.

விரலிடுக்கு, உண்ணிகள் ஒளிந்துகொள்ள விரும்பும் இடம். எர்லிக்கியா, பெபீசியா என்னும் கிருமிகளை நாயின் இரத்தத்தில் சேர்த்து, உயிரையே பறிக்கவல்லவை அவை. உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, சோப்பு நீரில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். சிலர் மண்ணெண்ணெய் தடவுகின்றனர், இது பெருந்தவறு. அது தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கினால் நஞ்சாகும்.

மழைக்காலத்தில் வெளியே சென்று வந்ததும் பாதங்களைத் தூய நீரில் கழுவுங்கள். கழுவுவதைவிட முக்கியமானது, ஒவ்வொரு விரலிடுக்கையும் ஈரமின்றித் துடைப்பது. கோடை நண்பகலில் தார்ச்சாலையில் நடத்திச் செல்லாதீர்கள். உங்கள் புறங்கையைச் சில நொடிகள் சாலையில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க இயலாத சூட்டை அதன் பாதமும் தாங்காது. வீக்கம், சீழ், நொண்டல் ஆகியவற்றைக் கண்டால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கழிக்காமல் மருத்துவரை நாடுங்கள்.

லில்லியின் நகத்தை வெட்டி, புண்ணுக்கு மருந்திட்ட சில நாட்களில் அது மீண்டும் மாடிப்படி ஏறியது. “வயதாகிவிட்டது” என்று நாங்கள் முடிவு கட்டிய அதே நாய்தான்! அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அதன் நான்கு பாதங்களையும் பார்ப்பது எங்கள் இல்லத்து வழக்கமாயிற்று. அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கால் மணி நேரத்தை முன்பே ஒதுக்கியிருந்தால் அந்தப் பத்து நாள் வேதனை அதற்கு நேர்ந்திராது. தன் நோவைச் சொல்ல அதற்கு வாயில்லை. பார்க்க நமக்குக் கண்கள் இருக்கின்றன அல்லவா?